கைப்பேசி யார் கையில் இருக்க வேண்டும்? சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சனிக்கிழமை காலைகளில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் ஒரு மேசையருகே அமர்ந்து, கைப்பேசியோடு வரும் தமிழ் மூத்தோருக்கு உதவும் தொண்டூழியத்தைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அவர்கள் கேட்ட கேள்விகளையும், அவர்களை அழைத்துவரும் பிள்ளைகள் தயக்கத்தோடு கேட்ட கேள்விகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் தகவலும் உண்டு, என் சொந்தக் கருத்தும் உண்டு.

இணையம் வந்ததால் அன்றாட வாழ்க்கையில் அப்படி என்னதான் மாறியிருக்கிறது?

வேலைகள் நடக்கும் இடம் மாறியிருக்கிறது. கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வங்கிக்கும், கட்டணம் செலுத்த அஞ்சலகத்துக்கும், மருத்துவரைப் பார்க்க நேரம் குறித்துக்கொள்ளப் பலதுறை மருந்தகத்துக்கும், ஊரில் இருப்பவர்களோடு பேசத் தொலைபேசி அட்டை வாங்கச் சிராங்கூன் சாலைக் கடைக்கும் நடந்த நடையெல்லாம் இன்று ஒரே திரைக்குள் அடங்கிவிட்டது.

இது ஒரே நாளில் வந்த மாற்றமன்று. பொதுமக்களுக்கான இணையச் சேவை இங்கு 1994இல் தொடங்கியது. அரசாங்கச் சேவைகளை இணையத்தில் பெறுவதற்கான மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் 2003இல் வந்தது. கைப்பேசி எண்ணை மட்டும் வைத்துப் பணம் அனுப்பும் பேநவ் 2017 ஜூலையிலும், பல கட்டண முறைகளை ஒரே சதுரத்துக்குள் கொண்டுவந்த எஸ்ஜிகியூஆர் குறியீடு 2018இலும் அறிமுகமாயின. இளையோர் இவற்றைத் தங்களுக்கு வேண்டியபோது, வேண்டிய அளவுக்கு எடுத்துக்கொண்டார்கள். மூத்தோருக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. 2020 ஏப்ரல் 7ஆம் தேதி முதல் ஜூன் 1ஆம் தேதி வரை, கொவிட்-19 பரவலை முறியடிக்க நாடே வீட்டுக்குள் அடங்கியிருந்த எட்டு வாரங்களில், வங்கிக் கிளையையும் ரொக்கத்தையும் நேரில் பேசும் அதிகாரியையும் நம்பி வாழ்ந்தவர்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கடைத்தொகுதிக்குள் நுழையக்கூடக் குறியீட்டை ஸ்கேன் செய்ய வேண்டிய காலம் அது. அந்த அவசரத்தில் பல வீடுகளில் பிள்ளைகள் பெற்றோரின் கைப்பேசியை வாங்கித் தாங்களே எல்லாவற்றையும் செய்துகொடுத்தார்கள். அவசரம் போன பிறகும் கைப்பேசி பெற்றோரின் கைக்குத் திரும்பவில்லை என்பதைத்தான் நான் வாரந்தோறும் பார்க்கிறேன்.

அம்மாவின் சிங்பாஸ், வங்கி, பற்றுச்சீட்டு அனைத்தையும் நானே பார்த்துக்கொள்கிறேன். அது போதாதா?

அன்போடு செய்கிறீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் போதாது என்றுதான் சொல்வேன்.

எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் எங்கள் மேசைக்கு வந்தார். அரசாங்கம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வழங்கும், அக்கம்பக்கக் கடைகளில் பணம்போலச் செலவழிக்கக்கூடிய சிடிசி பற்றுச்சீட்டுகளை அவருடைய மகன் சிங்பாஸ் வழியாகப் பெற்றுவிட்டார். அதற்கான இணைப்பு மகனின் கைப்பேசியிலேயே இருந்தது. அம்மையார் தேக்காச் சந்தையில் முருங்கைக்காயும் மீனும் வாங்கிக்கொண்டு மகனை அழைப்பார். மகன் கூட்டத்தில் இருப்பார். பின்னால் வரிசை நீளும். அவர் கூச்சத்தோடு ரொக்கத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்புவார். இப்படி நான்கைந்து முறை நடந்திருக்கிறது. குடும்பத்துக்கு என்று வந்த பணம் மகனின் கைப்பேசியில் உறங்க, காய்கறி வாங்கும் அம்மா தம் சேமிப்பிலிருந்து செலவழித்துக்கொண்டிருந்தார்.

இதைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதுமானதாக இருந்தது. சிடிசி பற்றுச்சீட்டைக் குடும்பத்தில் ஒருவர் பெற்றாலே போதும். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பை வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் அனுப்பலாம். அந்த இணைப்பைத் திறந்து, வேண்டிய தொகையைத் தேர்ந்தெடுத்தால் ஒரு குறியீடு தோன்றும். கடைக்காரர் தம் கைப்பேசியால் அதை ஸ்கேன் செய்துகொள்வார். மகன் இணைப்பை அனுப்பினார். அம்மையார் என் முன்னால் மூன்று முறை தாமே திறந்து பார்த்தார். அடுத்த வாரம் வந்து, 10 வெள்ளிக்குக் கீரையும் தேங்காயும் வாங்கியதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த நிறைவு பற்றுச்சீட்டின் மதிப்பைவிடப் பெரியது.

2025 ஜூலையில், நாட்டின் 60ஆம் ஆண்டு நிறைவையொட்டிய எஸ்ஜி60 பற்றுச்சீட்டுகள் குடும்பத்துக்கு என்றில்லாமல் ஒவ்வொருவரின் பெயரிலும் வழங்கப்பட்டன. 21 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கு 600 வெள்ளி, 60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 800 வெள்ளி. அந்த மாதத்தில் எங்கள் மேசைக்கு வந்த மூத்தோரில் பலர், தங்கள் பெயரில் வந்ததைத் தாங்களே பெற வேண்டும் என்ற உறுதியோடு வந்தார்கள். அந்த ஆசையை மதியுங்கள். கற்பிக்கும்போது ஒரு நாளுக்கு ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக, திரையில் உங்கள் விரல் படக்கூடாது. நீங்கள் அழுத்திக் காட்டினால் நடந்தது உங்களுக்குத்தான் நினைவிருக்கும்.

அவசரத்துக்கு உதவுமே என்று பெற்றோரின் கடவுச்சொல்லை நான் வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். சிங்பாஸ் என்பது கையெழுத்துக்கு நிகரானது. அதை உரியவரைத் தவிர வேறு யாரும் பயன்படுத்தக்கூடாது. உதவ வேண்டுமானால் அருகில் அமர்ந்து உதவுங்கள். கைப்பேசி இல்லாத பெற்றோருக்காக, ஒருமுறை மட்டும் பயன்படும் கடவுச்சொல் (ஓடிபி) நம்பகமான உறவினரின் எண்ணுக்கு வரும்படி முறையாகப் பதிவு செய்யும் வசதியும் உண்டு.

எனக்குப் பொறுமை இல்லை. வேறு யாராவது கற்றுக்கொடுப்பார்களா?

பொறுமை இல்லை என்று ஒப்புக்கொள்வது நல்லது. பெற்ற பிள்ளையிடம் கற்பதைவிட வெளியாளிடம் கற்பது பலருக்கும் எளிதாக இருக்கிறது. 2020இல் அமைக்கப்பட்ட எஸ்ஜி மின்னிலக்க அலுவலகத்தின் மின்னிலக்கத் தூதர்கள் சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் மூத்தோருக்குத் தனித்தனியாக, கட்டணமின்றிக் கற்பிக்கிறார்கள். தமிழ் பேசுபவர் வேண்டும் என்றால் முன்கூட்டியே கேட்டுவிட்டுச் செல்லுங்கள். சிங்பாஸ் செயலியைத் தமிழிலும் பயன்படுத்த முடியும் என்பது பலருக்குத் தெரியவில்லை. மொழியை மாற்றிக்கொடுத்ததும் “இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா” என்று கேட்டவர்கள் உண்டு.

கைப்பேசியில் தமிழில் எழுதுவது கடினமல்லவா?

ஒரு காலத்தில் கடினமாக இருந்தது. அதை எளிதாக்கியதில் நம் ஊருக்குப் பெரும்பங்கு உண்டு என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, ‘கணியன்’ என்ற தமிழ்க் கணினி முறையை உருவாக்கினார். 1995 அக்டோபரில், அப்போதைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த சிங்கப்பூர்க் கவிதைகள் இணையத்தளத்தில் மற்ற மூன்று அதிகாரத்துவ மொழிகளோடு தமிழும் திரையில் தோன்றியது. தமிழ் இணையத்தின் தொடக்கங்களுள் ஒன்றாக அதைக் கருதுகிறார்கள். 1997இல் தமிழ் இணையத்துக்கான முதல் அனைத்துலக மாநாடு இங்குதான் நடந்தது. கோவிந்தசாமி 1999இல் மறைந்தார். அடுத்த ஆண்டு, 2000 ஜூலையில், மீண்டும் சிங்கப்பூரில் கூடிய மாநாட்டின்போது உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானது.

அந்த நாட்களின் பெருந்தொல்லை எழுத்துருதான். ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி எழுத்துகளுக்கு எண் கொடுத்ததால், ஒருவர் எழுதியது மற்றவரின் கணினியில் கட்டமும் கோடுமாகத் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் உலகம் முழுவதும் ஒரே எண் என்ற யூனிகோடு முறை பரவிய பிறகே அந்தத் துன்பம் தீர்ந்தது. கைப்பேசியில் தமிழ் வந்ததும் நம் ஊரோடு தொடர்புடையதுதான்: மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம், 2005 பொங்கலையொட்டி ஒலி 96.8 வானொலியின் வழியாக இங்கு அறிமுகமானது. தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப முடியும் என்பதே அன்று வியப்பாக இருந்தது.

இன்று நீங்கள் எதையும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பெரும்பாலான கைப்பேசிகளின் அமைப்பிலேயே தமிழ் விசைப்பலகை இருக்கிறது. ஆங்கில எழுத்துகளில் ஒலியை அடித்துத் தமிழாக்கிக்கொள்ளும் முறை இளையோருக்கு எளிது. தமிழ்ப் பள்ளியில் படித்த மூத்தோருக்கு நான் தமிழ்99 முறையைத்தான் காட்டுவேன். உயிரெழுத்துகள் இடப்பக்கமும் மெய்கள் வலப்பக்கமும் இருக்கும், ககரத்தைத் தொட்டு உகரத்தைத் தொட்டால் ‘கு’ வந்துவிடும். 247 எழுத்துகளையும் அரிச்சுவடியில் கற்றவர்களுக்கு அதன் தர்க்கம் உடனே பிடிபடுகிறது. விரல் நடுங்குபவர்கள் ஒலிவாங்கிப் பொத்தானை அழுத்திப் பேசினாலே தமிழ் எழுத்தாக மாறும்.

தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவது தவறா?

தவறு என்று யாரையும் நான் கண்டித்ததில்லை. பேரன் ஆங்கில எழுத்தில் “சாப்பிட்டீங்களா தாத்தா” என்று கேட்பது, கேட்காமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். ஆங்கிலம் அறியாத தாத்தாவால் அந்த வரியைப் படிக்க முடிவதில்லை. அவர் அதை வேறொருவரிடம் காட்டிப் படிக்கச் சொல்கிறார். தாத்தாவுக்கு எழுதும்போது மட்டுமாவது தமிழ் எழுத்தில் எழுதச் சொல்லிப் பழக்கினால், பேரனுக்கு எழுத்தும் மறக்காது, தாத்தாவுக்கு இடையில் ஆளும் தேவைப்படாது.

ஊருக்குப் பணம் அனுப்பும் ஊழியர்களுக்கு என்ன மாறியிருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவின் பணமாற்றுக் கடைகளில் வரிசை பிடித்து நிற்பது, தமிழகத்திலிருந்து வந்து தங்குவிடுதிகளில் வாழும் ஊழியர்களுக்கு வார விடுமுறையின் ஒரு பகுதியாகவே இருந்தது. 2023 பிப்ரவரி 21ஆம் தேதி சிங்கப்பூரின் பேநவ்வும் இந்தியாவில் அதுபோன்ற பணம் அனுப்பும் முறையான யுபிஐயும் இணைக்கப்பட்டன. சேவையில் பங்குபெறும் வங்கிகளில் கணக்கு வைத்திருப்பவர்கள் கைப்பேசியிலிருந்தே சில நொடிகளில் ஊருக்கு அனுப்பலாம். அனுப்புமுன் கட்டணத்தையும் மாற்று விகிதத்தையும் சேர்த்தே ஒப்பிடுங்கள். கட்டணம் இல்லை என்று விளம்பரம் செய்யும் இடத்தில் விகிதம் குறைவாக இருக்கக்கூடும்.

பணத்தைவிடப் பெரிய மாற்றம் காணொளி அழைப்பு என்பது என் எண்ணம். தொலைபேசி அட்டையின் நிமிடங்கள் தீரும்முன் அவசர அவசரமாக நலம் விசாரித்த தலைமுறை ஒன்று இருந்தது. இன்று புதுக்கோட்டையில் மகள் வீட்டுப்பாடம் எழுதுவதை, துவாஸ் தங்குவிடுதிக் கட்டிலில் படுத்தபடி ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கும் தந்தைகள் இருக்கிறார்கள். அருகில் இல்லாத குறையை அது தீர்க்காது. ஆனால் மகளின் கையெழுத்து மாறிவருவது அவருக்குத் தெரிகிறது.

வங்கியிலிருந்தும் காவல்துறையிலிருந்தும் பேசுவதாகச் சொல்லி அழைப்பு வருகிறது. எப்படி அடையாளம் காண்பது?

இந்தக் கேள்விக்கு எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும். 2024ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூரில் 51,000க்கும் மேற்பட்ட மோசடிச் சம்பவங்கள் பதிவாயின. இழந்த தொகை 1.1 பில்லியன் வெள்ளி. ஏமாந்தவர்கள் எல்லாரும் அறியாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். படித்த இளையோரும் ஏமாந்திருக்கிறார்கள்.

முதலில் உறுதியானவற்றைச் சொல்கிறேன். எந்த அரசாங்க அதிகாரியும் தொலைபேசியில் பணத்தை மாற்றச் சொல்ல மாட்டார், வங்கிக் கடவுச்சொல்லைக் கேட்க மாட்டார், அதிகாரபூர்வமற்ற இடத்திலிருந்து செயலியைப் பதிவிறக்கச் சொல்ல மாட்டார், உங்கள் அழைப்பைக் காவல்துறைக்கு இணைத்துவிட மாட்டார். இந்த நான்கில் ஒன்று நடந்தாலும் அழைப்பைத் துண்டித்துவிடலாம். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளுக்கு முன்னால் கூட்டல் குறி இருக்கும். உள்ளூர் அழைப்புகளுக்கு இராது. அரசாங்க அமைப்புகளின் குறுஞ்செய்திகள் 2024 ஜூலை முதல் கவ்.எஸ்ஜி என்ற ஒரே பெயரில் வருகின்றன. ஐயம் வந்தால் 1799 என்ற எண்ணை அழைத்துக் கேட்கலாம்; 2024 செப்டம்பரில் தொடங்கிய அந்த உதவி எண் எந்நேரமும் இயங்குகிறது. வெளியிலிருந்து செயலியை நிறுவச் சொல்வது ஏன் இவ்வளவு ஆபத்தானது என்றால், அத்தகைய செயலி உங்கள் திரையைப் பார்க்கவும் உங்களுக்குப் பதிலாக விசைகளை இயக்கவும் அனுமதி வாங்கிவிடும்; நீங்கள் உறங்கும்போது யாரோ ஒருவர் உங்கள் கைப்பேசிக்குள் அமர்ந்து வங்கிக் கணக்கைத் திறப்பார்.

பாதுகாப்புக்கு வழிகளும் வந்திருக்கின்றன. 2023 நவம்பர் முதல் உள்ளூர் வங்கிகள், சேமிப்பின் ஒரு பகுதியை இணையத்தின் வழியாக எடுக்க முடியாதபடி பூட்டிவைக்கும் வசதியைத் தருகின்றன. ஓய்வுக்கால வைப்புத்தொகை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதைச் செய்ய வேண்டும் என்று நான் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். 2025 ஜூலையில் நடப்புக்கு வந்த சட்டத்தின்படி, மோசடிக்காரரை நம்பி, குடும்பத்தார் சொல்வதையும் கேளாமல் பணம் அனுப்பிக்கொண்டே இருப்பவரின் வங்கிப் பரிவர்த்தனைகளைக் காவல்துறை தற்காலிகமாக நிறுத்திவைக்க முடியும்.

இனி என் அனுபவம். நம் மூத்தோரிடம் மோசடிக்காரர் பயன்படுத்திக்கொள்வது பேராசையைவிட மரியாதையைத்தான். ஆங்கிலத்தில் மிடுக்காகப் பேசும் குரல் கேட்டால், மறுத்துப் பேசச் சொல் கிடைக்காமல் “எஸ், எஸ்” என்று சொல்லிப் பழகிய தலைமுறை இது. பாதுகாவலராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், அப்படிச் சொல்லிச் சொல்லியே தம் சேமிப்பை இழந்தார். மூன்று மாதம் அதைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. “அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று கைப்பேசியை வாங்கிவைத்துக்கொள்வார்கள் என்று பயந்தேன்” என்றார். உடனே சொல்லியிருந்தால் வங்கி ஒரு பகுதியையாவது தடுத்திருக்கக்கூடும். ஆகவே பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள்: ஏமாந்தால் திட்ட மாட்டோம் என்று இன்றே, எதுவும் நடப்பதற்கு முன்பே, பெற்றோரிடம் சொல்லிவையுங்கள். பெற்றோருக்கு: எந்த அழைப்புக்கும் தமிழிலேயே பதில் சொல்லுங்கள். உண்மையான அதிகாரி மொழிபெயர்க்க ஆளைத் தேடுவார். மோசடிக்காரர் அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார்.

வாட்ஸ்அப் குழுவில் வரும் செய்திகளை நம்பலாமா?

அனுப்பியவர் நல்லவர் என்பதற்காக நம்ப வேண்டாம். பொய்த் தகவல்களைத் திருத்தும்படி உத்தரவிட 2019 அக்டோபர் முதல் இங்கே தனிச் சட்டமே இருக்கிறது. ஆனால் குடும்பக் குழுவில் வரும் கைவைத்தியக் குறிப்பை எந்தச் சட்டமும் வந்து சரிபார்க்காது. நீரிழிவு மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயம் குடிக்கச் சொல்லும் செய்தியைக் கண்டால், அதைப் பொதுவில் மறுத்து அத்தையை அவமதிக்காமல், தனியே அழைத்துப் பேசுங்கள்.

பிள்ளைகள் எந்நேரமும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எவ்வளவு நேரம் சரி?

2025 ஜனவரியில் சுகாதார அமைச்சு வெளியிட்ட வழிகாட்டியின்படி, 18 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம். 18 மாதம் முதல் 6 வயது வரை, பள்ளிக்கு வெளியே நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறைவு. 7 முதல் 12 வயது வரை, பள்ளிப் பாடத்துக்கானது தவிர இரண்டு மணி நேரத்துக்குக் குறைவு. உயர்நிலைப் பள்ளிகளில் 2026 ஜனவரி முதல், இடைவேளை உட்பட பள்ளி நேரம் முழுவதும் திறன்பேசிக்கும் திறன்கடிகாரத்துக்கும் அனுமதியில்லை. அதே மாணவர்களிடம் பாடத்துக்கென்று சொந்தமாக ஒரு கற்றல் சாதனமும் இருக்கிறது என்பதால், “பாடம் செய்கிறேன்” என்ற பதிலைப் பெற்றோரால் எளிதில் சரிபார்க்க முடிவதில்லை. வீட்டில் கூடத்து மேசையில் மட்டும் சாதனத்தைப் பயன்படுத்துவது என்ற ஏற்பாடு, அதிலும் பெற்றோரும் தங்கள் கைப்பேசியை அங்கேயே வைப்பது என்ற ஏற்பாடு, நான் பார்த்த வீடுகளில் ஓரளவு பலித்திருக்கிறது.

குழந்தை சோறு உண்ண மறுக்கிறது என்று கைப்பேசியை நீட்டும் தாத்தா பாட்டிமார்களைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவர்களிடம் கதை இருக்கிறது. கேட்க ஆள் இல்லாததால்தான் திரையை நீட்டுகிறார்கள்.

இணையத்தால் பிள்ளைகளின் தமிழ் வளருமா?

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் சுமார் 2.5 விழுக்காட்டினர். இந்த எண்ணை முன்னால் வைத்துக்கொண்டுதான் இக்கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். காணொளிகளும் தேசிய நூலக வாரியத்தின் தமிழ் மின்னூல்களும் காதுக்கும் கண்ணுக்கும் தமிழைத் தருகின்றன, வாய்க்குத் தருவதில்லை. தாய்மொழி வாய்மொழித் தேர்விலேயே காணொளியைப் பார்த்துவிட்டு அதைப் பற்றி உரையாடும் பகுதி இருக்கிறது. அந்தப் பயிற்சியை வீட்டிலும் செய்யலாம்: காணொளி முடிந்ததும் நிறுத்திவிட்டு, “அந்தப் பையன் ஏன் அப்படிச் செய்தான்?” என்று கேட்டுப் பதில் வரும்வரை காத்திருங்கள். கேட்பவர் இல்லாத தமிழ், கற்ற வேகத்திலேயே மறந்துபோகும்.

கோவிலும் சடங்கும் திரைக்குள் வந்துவிட்டால் பக்தி குறையாதா?

2021 தைப்பூசத்தில் பாத ஊர்வலமும் காவடியும் இல்லை. முன்பதிவு செய்த நேரத்தில் மட்டும் பக்தர்கள் தேங் ரோட்டில் உள்ள ஸ்ரீ தெண்டாயுதபாணி கோவிலுக்குச் சென்றார்கள். மற்றவர்கள் நேரலையில் கண்டார்கள். 2023இல் காவடிகள் மீண்டும் தெருவுக்கு வந்தன. திரை தெருவின் இடத்தைப் பிடித்துவிடவில்லை. நடக்க முடியாதவர்களுக்கு மட்டும் கதவு திறந்தே இருக்கிறது. சக்கர நாற்காலியில் இருக்கும் என் பெரியம்மா இப்போதும் நேரலை தொடங்குமுன் குளித்துத் திருநீறு இட்டுக்கொண்டுதான் அமர்கிறார்.

இறப்பு வீடுகளைப் பற்றி வேறு மாதிரி உணர்கிறேன். 2020இல் இறுதிச் சடங்கில் ஒரு நேரத்தில் பத்துப் பேர் மட்டுமே இருக்கலாம் என்ற கட்டுப்பாடு இருந்தபோது, மண்டாய் தகனச்சாலையில் ஒருவர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருக்க, தஞ்சாவூரில் இருந்த தம்பி அண்ணனின் முகத்தைக் கடைசியாகப் பார்த்ததை நான் அறிவேன். அன்று அது வரமாக இருந்தது. இன்று, பத்து நிமிடத் தொலைவில் உள்ள உறவினரும் துக்கம் விசாரிக்க ஒரு கைகூப்பும் படத்தை அனுப்பிவிட்டு நிறுத்திக்கொள்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. போக முடிந்தால் போங்கள்.

பழைய தமிழ் முரசு, பழைய சிங்கப்பூர்ப் புத்தகங்கள் இணையத்தில் கிடைக்குமா?

கிடைக்கும். கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்கள் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் மின்னிலக்கமாக்கப்பட்டுள்ளன. நாட்டின் பொன்விழா ஆண்டான 2015இல், சுதந்திரத்துக்குப் பிந்தைய சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களில் சுமார் 350, தொண்டூழியர்களின் உழைப்பால் மின்னிலக்க வடிவம் பெற்றன. தம் தந்தையின் பெயரை ஒரு பழைய இதழின் சங்கச் செய்தியில் கண்டுபிடித்த பெரியவர் ஒருவர் அதை அச்சிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். மின்னிலக்கத்தைப் பற்றிய ஐயம் அவருக்கு அன்றோடு போயிற்று.

செயற்கை நுண்ணறிவின் தமிழ் மொழிபெயர்ப்பை நம்பிக் கடிதம், அறிவிப்பு எழுதலாமா?

பொருளைப் புரிந்துகொள்ள நம்பலாம், வெளியிடுவதற்கு நம்பக்கூடாது. 2014இல் ஒரு பெயர்ப் பலகையில் ‘லாவ் பா சாட்’ என்ற உணவங்காடியின் பெயரில் உள்ள கடைசிச் சொல்லை இயந்திரம் ஆங்கிலத்தில் சனிக்கிழமையின் சுருக்கம் என்று எடுத்துக்கொண்டு ‘சனி’ என்று தமிழில் எழுதிவிட்டதை நம்மில் பலர் மறக்கவில்லை. அதற்குப் பின் நிலைமை மிகவும் முன்னேறியிருக்கிறது. 2022இல் அரசாங்கத்தின் எஸ்ஜி டிரான்ஸ்லேட் டுகெதர் தளம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது; ஏஐ சிங்கப்பூர் உருவாக்கிய சீ-லயன் மொழி மாதிரி தமிழையும் கற்றிருக்கிறது. ஆனாலும் இயந்திரம் படித்தது நாம் இணையத்தில் எழுதிவைத்த தமிழைத்தான். புளோக்கின் கீழ்த்தளத்தில் பேசும் தமிழும், சிங்கப்பூர்ச் சொற்களான தொண்டூழியமும் வெற்றுத்தளமும் அங்கே குறைவாக இருந்தால் இயந்திரத்துக்கும் அவை தெரியாது. மருத்துவமனைக் கடிதத்தின் பொருளை இயந்திரத்திடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். மருந்தின் அளவை மருந்தாளரிடமே கேளுங்கள்.

கைப்பேசியே வேண்டாம் என்று முடிவெடுத்த ஒருவர் சிங்கப்பூரில் வாழ முடியுமா?

முடியும், ஆனால் ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிறது. 2017 ஏப்ரலில் 2ஜி சேவை நிறுத்தப்பட்டபோதே பல பழைய கைப்பேசிகள் ஓய்ந்துவிட்டன. சிடிசி பற்றுச்சீட்டுகளைச் சமூக மன்றத்தில் காகிதத்தில் அச்சிட்டுப் பெறலாம். பெரும்பாலான உணவங்காடிக் கடைகளில் ரொக்கம் செல்லும். நேரில் சென்று உதவி பெறும் சேவை முகப்புகள் இன்னும் முற்றாக மூடப்படவில்லை. அவை திறந்திருக்க வேண்டும் என்று நாமும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எண்பத்து மூன்று வயதுப் பெரியவர் ஒருவர் எங்கள் மேசைக்கு வருவார். அவரிடம் கைப்பேசி இல்லை, வாங்கவும் மாட்டார். அச்சிட்ட பற்றுச்சீட்டுகளை எண்ணி வாங்கி, நான்காக மடித்து, அடையாள அட்டைக்குப் பின்னால் செருகிக்கொண்டு, தேநீர் குடிக்கப் போவார். அவருக்கும் சேர்த்துத்தான் அந்த மேசை.